எட்டு வருடக் கதிரை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீட்டுப் பின்முற்றத்தில், எட்டடிக்கு ஐந்தடி அளவான ஒரு துண்டு நிலத்தில் மட்டும், 2023ஆம் ஆண்டு பெப்ரவரி இருபதாம் திகதியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு வருடம் கழிந்தது. முற்றத்தின் மிச்ச இடத்திலும், மதிலுக்கு அப்பால் மரீன் டிரைவிலும், அதற்கப்பால் தண்டவாளத்திலும், கொழும்பின் ஏனைய பகுதிகளிலும் நேரம் வழக்கம்போலவே போனது. அந்த வீட்டில் ரஜனியும் அவளுடைய மகள் யதுஷாவும் இருந்தார்கள். ரஜனிக்கு ஐம்பத்து மூன்று வயது. காலி வீதியில் ஒரு பார்மசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. யதுஷாவுக்கு இருபத்து நான்கு, கொள்ளுப்பிட்டியில் விமான டிக்கட் போடும் கந்தோர் ஒன்றில் இருந்தாள். ரஜனியின் கணவர் யோகராஜ் ஜனவரியில், துறைமுகக் கந்தோரின் இரண்டாம் மாடிப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழும்பவில்லை. அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு நடந்த மறுநாள்தான் அந்தப் பெப்ரவரி இருபது.

யோகராஜ் பதினொரு வருடமாகப் பின்னேரம் ஐந்தரைக்குத் தேத்தண்ணியோடு பின்முற்றத்துக்கு வந்து, ஒரு நீலப் பிளாஸ்டிக் கதிரையில் ஏழரை வரை இருந்து கடலையும் ரயிலையும் பார்ப்பவர். அந்தக் கதிரை அந்தியேட்டி முடிந்து ஐந்தாம் நாள் வெளிறி, ஆறாம் நாள் கால் வெடித்து, ஏழாம் நாள் கையால் தொட்ட இடமெல்லாம் மாவாய் உதிர்ந்தது. பழைய கதிரை என்று யாரும் யோசிக்கவில்லை. யதுஷா புதிதாக ஓர் இரும்புக் கதிரை வாங்கி வந்து அதே இடத்தில் வைத்தாள். பதினோராம் நாள் அதன் கால்கள் பிஸ்கட் போல நொறுங்கின. கடற்காற்று இரும்பைத் தின்னும் என்பது வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொடியிலிருந்து பறந்து அந்த இடத்தில் விழுந்த ஒரு துவாயை மறுநாள் காலை எடுத்தபோது அதனூடாகத் தென்னைமரம் தெரிந்தது. அப்போதுதான் ரஜனி ஓர் அடிமட்டத்தை எடுத்து வந்து, எந்த இடத்தில் புல் ஒரே நாளில் முளைத்துக் காய்ந்து மறுபடி முளைக்கிறது என்று பார்த்து, நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

கணவர் இருந்த இடத்தில், கணவர் இருந்த நேரத்தில் இருப்பது என்று அவள் தீர்மானித்திருந்தாள். கதிரை இல்லாத நாட்களில் துணி துவைக்கும் கருங்கல்லை இருளப்பனைக் கொண்டு உருட்டி வரச்செய்து அதன்மேல் இருந்தாள். இருளப்பன் பக்கத்து மாடிக் குடியிருப்பின் காவல்காரர், ஹட்டன் பக்கத்தவர். அந்த இரண்டு மணித்தியாலமும் ரஜனிக்கு இரண்டு மணித்தியாலமாகத்தான் இருந்தது. மயிர் நரைக்கவில்லை, நகம் வளரவில்லை. ஹவுஸ்கோட் மட்டும் வெளிறியது, கைக்கடிகாரத்தின் பற்றரி இரண்டு கிழமையில் செத்தது. முதல் நாள் அவள் அழுதுகொண்டே போய் இருந்தாள். ஏழரைக்கு எழும்பியபோது அழுகை நிற்கவில்லை, ஆனால் அது அந்தியேட்டிக்கு மறுநாள் அழுகிற அழுகையாக இல்லை. ஒரு மாதம் ஆறப்போட்ட அழுகையாக இருந்தது. மறுநாள் இன்னொரு மாதம். மூன்றாம் கிழமை அவள் வேலைக்குத் திரும்பிப் போனாள், இரவில் தூங்கினாள், மீன்காரனிடம் விலை பேசினாள். நாளுக்கு இரண்டு மணித்தியாலம், சாப்பாட்டுக்கு முன் என்று மருந்துச் சிட்டையில் எழுதுகிற மாதிரித்தான் அவள் அதை நினைத்துக்கொண்டாள். வேலைக்கு நேரம் பிந்திப்போன நாட்கள் தவிர அவள் தவறவிடவில்லை.

கருங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளுடைய முதுகுக்குத்தான் ஆனது. முள்ளந்தண்டில் ஏற்கெனவே ஒரு தட்டு விலகியிருந்தது. பாரம் தூக்கக்கூடாது, சாய்ந்துதான் இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். உள்ளேயிருக்கும் மரக் கதிரைகளைத் தூக்கி வருவதும் கொண்டுபோவதும் அவளால் ஏலாது. அதனால் வெளியிலேயே கிடக்கக்கூடிய, பெயின்ற் வார்னிஷ் கேட்காத, மழைக்கும் உப்புக்கும் பயப்படாத, முதுகு சாய்க்கிற பெஞ்சு மாதிரியான வாங்கு ஒன்றைத் தேடி மருதானைக்குப் போனாள். அங்கே மாளிகாவத்தைக்காரரான பௌஸி என்பவர் முப்பத்து நான்கு வருடமாகத் தளபாடப் பட்டறை வைத்திருந்தார். சிங்களவர்கள் தச்சரைக் கூப்பிடுகிற மாதிரி பௌஸி பாஸ் என்றும், தமிழர்கள் அண்ணன் என்ற கணக்கில் பௌஸி நானா என்றும் சொல்வார்கள். அவர் ரஜனியை ஒரு பலாக் கட்டையில் இருத்தி அரைமணி நேரம் மரங்களைப் பற்றிச் சொன்னார். மஹோகனி வீட்டுக்குள் நிற்கவேண்டிய மரம், வெளியே விட்டால் பிளக்கும். பலா நல்லது, ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருதரம் முந்திரிக் கோதின் கஜு எண்ணெய் பூசக் கேட்கும். மலிவுக்கு விற்கிற கிணிசப்பு பலகையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். தேக்குக்கு எண்ணெய் அதன் உடம்பிலேயே இருக்கிறது. ஒன்றும் பூசாமல் விட்டால் நிறம் சாம்பலாகும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

தேக்கு வாங்கு இருபத்தாறு நாள் இருந்தது. ரஜனி தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொன்னபோது, முப்பத்து நான்கு வருடத்தில் யாரும் தன்னிடம் இப்படிச் சொன்னதில்லை என்று பௌஸி கோபத்தோடு முச்சக்கரவண்டி பிடித்து வந்தார். விழுந்து கிடந்த வாங்கைப் புரட்டினார். உளியால் ஒரு காலைச் சுரண்டினார், மூக்குக்குக் கிட்டப் பிடித்தார், தூளை நாக்கு நுனியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"இது நான் செஞ்ச வாங்குதான் அக்கா. மரமும் நான் குடுத்த மரம்தான். ஆனா இது இருவத்தாறு வருஷம் வெளிய கெடந்த மரம்" என்றார்.

"ஓம் நானா. நீங்க இருபத்தஞ்சு எண்டுதானே எழுதித் தந்தனீங்கள்" என்றாள் ரஜனி. "ஒரு வருஷம் கூடத்தான் இருந்திருக்குது. நான் குறை சொல்லக் கூப்பிடேல்ல. இதைவிடக் கூட இருக்கிற மரம் என்ன எண்டு கேக்கத்தான்."

பௌஸிக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. ஏன் அந்த நிலம் அப்படி இருக்கிறது என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. எந்த மரம் எத்தனை வருடம் நிற்கும் என்று வாடிக்கையாளர்களுக்கு வாய்க்கு வந்த கணக்கைச் சொல்லிச் சொல்லியே அவர் கிழவனாகிக்கொண்டிருந்தார்; இப்போது அதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் கிடைத்திருந்தது. ஏப்ரல் மாதம் பத்து வகை மரத்தில் ஒரு முழத் துண்டுகள் அறுத்து, வெள்ளைப் பெயின்றால் இலக்கம் போட்டு, பாதியை மண்ணில் நட்டு, மறுபாதியைச் செங்கல்லின்மேல் கிடத்தி வைத்தார். அல்பீசியா மூன்றாம் நாள் போனது. பச்சை மூங்கில் மண்ணில் நட்டது இரண்டே நாளில் கறையான் தின்று குழாயாக நின்றது. போராக்ஸ் தண்ணீரில் அவித்துச் செங்கல்லில் வைத்த மூங்கில் எட்டு நாள் இருந்தது. பலா பதினாறு, வேம்பு பதினேழு. அதே தேக்கு, மண்ணில் பட்டால் பதினெட்டு, கல்லில் வைத்தால் முப்பத்து மூன்று. மரம் மட்டும் காரணமில்லை என்று பௌஸி அப்போதுதான் தெளிவாகக் கண்டார். கால் மண்ணில் படக்கூடாது, பலகைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி வேண்டும், தண்ணீர் எங்கும் தேங்கக்கூடாது, இரும்பாணி அறையக்கூடாது; ஆணி துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கூட்டிக்கொண்டு போகிறது. இதையெல்லாம் சிகரட் பெட்டி அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தார்.

துண்டுகள் உக்கும் விதத்தைக் கிட்ட இருந்து பார்க்கவேண்டும் என்று அவர் நான்கு நாள் காலையிலிருந்து பின்னேரம் வரை, தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் எழும்பி, அந்த நிலத்திலேயே இருந்தார். அது கிட்டத்தட்ட இருபது மாதம். பௌஸிக்கு ஜவாத் என்று ஒரு தம்பி. பட்டறையைப் பிரிப்பதில் வந்த சண்டையில் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதை நினைத்த நாளில் பௌஸி அறுக்கும் பலகை கோணிப்போகும். நான்காம் நாள் பஸ்ஸில் திரும்பும்போது, ஜவாத் சொன்ன சொல் ஞாபகத்தில் இருந்தது, கோபம் இருக்கவில்லை. அப்படியே மாளிகாவத்தைத் தொடர்மாடியில் இறங்கி மூன்றாம் மாடிக்கு ஏறித் தம்பியின் கதவைத் தட்டினார். ஜவாத் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான். பௌஸி மறுநாளும் போனார். மூன்று கிழமை அப்படிப் போய் வந்த பிறகு ஒருநாள் கதவு மூடப்படாமல் இருந்தது, உள்ளே தேத்தண்ணி வைத்திருந்தார்கள்.

மே மாதம் பத்தாம் திகதி பாலைமர வாங்கு வந்தது. தண்டவாளத்துக்குக் குறுக்கே போடுகிற அதே மரம். களனியில் இடித்த பழைய களஞ்சியம் ஒன்றின் உத்தரத்திலிருந்து அறுத்தது. நாலு பேர் தூக்கி வந்தார்கள். கருங்கல் துண்டுகள்மேல் கால்கள் நின்றன, ஓர் ஆணிகூட இல்லை, எல்லாம் மர முளை. அது முப்பதாம் நாளும் அசையவில்லை, ஐம்பதாம் நாளும் அசையவில்லை. இதற்குள் ஒழுங்கை முழுவதற்கும் விசயம் தெரிந்திருந்தது. மேல்வீட்டு அம்மா தேசிக்காய் ஊறுகாயை ஜாடியோடு ஒருநாள் வைத்து எடுத்துப்போய், இப்படிப் பதமான ஊறுகாய் கலியாணத்துக்குப் பிறகு தான் சாப்பிட்டதில்லை என்றாள். இளைப்பாறிய ரயில் கார்ட் ஷெல்டன் சிறிய மரப்பீப்பாய் ஒன்றில் சாராயம் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டாம் நாள் சாராயம் நன்றாயிருந்தது, பீப்பாய் சரியில்லை. நாய் செத்த துக்கத்தில் ஒருவர் வந்து அரைமணி நேரம் இருந்தார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. மாநகரசபையிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து டெங்கு நுளம்பு முட்டை இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்று சிங்களத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

யதுஷா மட்டும் அந்த நிலத்துக்குள் காலை வைக்கவில்லை. தாய் கூப்பிட்டபோதெல்லாம் வேலை இருக்கிறது என்றாள். பிறகு ஒருநாள் நேராகவே, தன் துக்கத்தில் ஒரு நாளும் குறைய வேண்டாம் என்று சொன்னாள். தகப்பனின் தொலைபேசி இலக்கத்தை அவள் அழிக்கவில்லை. குளியலறையில் அவருடைய சவரப் பிரஷ் இருந்த இடத்தை யாரும் துடைக்க விடவில்லை. இரவுச் சாப்பாட்டில் இருவரும் எதிரெதிரே இருக்கும்போது, ஒருத்திக்குத் துக்கம் நாலு மாதமாகவும் மற்றவளுக்கு ஐந்து வருடமாகவும் இருந்தது. கறிக்கு உப்பு காணாது என்பதைப் பற்றி மட்டும் கதைக்க முடிந்தது.

ஜூலை மாதம் ஐந்தாம் திகதி யதுஷா கந்தோரிலிருந்து நேரத்தோடு வந்தாள். வாசலில் இரண்டு பெரிய கடைப் பைகள் இருந்தன. ஒன்றில் தகப்பனின் சேட்டுகள் மடித்து அடுக்கியிருந்தன, மற்றதில் சப்பாத்துகள். ரஜனி குசினியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போஞ்சிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். இருளப்பனுக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

"அவர் கேட்டவரா?"

"ஒருத்தரும் கேக்கேல்ல. இத்தனை வருஷமா அலுமாரியில சும்மாதானே கிடக்குது."

"எத்தனை வருஷம்?"

ரஜனி கத்தியை வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். ஏமாற்றுவதற்காக அல்ல, அவளுக்கு உண்மையிலேயே எண்ணத்தான் வேண்டியிருந்தது. "எட்டு இருக்கும்" என்றாள்.

"அஞ்சரை மாசம், அம்மா."

யதுஷா சத்தம் போடவில்லை. அறைக்குள் போய்ப் பத்து நிமிடத்தில் வந்தாள், சேட்டுப் பையைத் தூக்கினாள், கொட்டாஞ்சேனையில் நிஷாந்தினி வீட்டில் இருக்கப் போகிறேன் என்றாள். நிஷாந்தினி அவளோடு வேலை செய்பவள், வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. ரஜனி வாசல்வரை வந்து, குடை எடுத்தாயா என்று கேட்டாள்.

அன்றைக்கும் அவள் ஐந்தரைக்கு வாங்கில் போய் இருந்தாள். மகள் போன கவலை ஏழரைக்கு ஒரு மாதப் பழையதாகி, பொறுக்கக்கூடியதாகிவிட்டது. அதை உணர்ந்தபோதுதான் ரஜனிக்குப் பயம் வந்தது. இன்னும் ஒரு கிழமை இப்படி இருந்தால் யதுஷா இல்லாத வீடும் பழகிவிடும் என்று அவளுக்கு விளங்கியது. எழும்பி உள்ளே போய்க் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று, அவருடைய குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தாள். சொன்ன சொற்கள் வந்தன; குரல் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்த வாங்கில் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் வாங்கின் மூட்டுகளைப் பார்க்க வந்த பௌஸியிடம், ஆறிப்போனதைத் திரும்பப் பச்சையாக்க ஏதும் வழி உண்டா என்று கேட்டாள். உக்கின மரம் திரும்பத் துளிர்ப்பதைத் தான் கண்டதில்லை என்று பௌஸி உண்மையைச் சொன்னார். பிறகு தம்பி வீட்டுக் கதவுக்கு வெளியே மூன்று கிழமை நின்ற கதையைச் சொன்னார்.

"எனக்குத்தான் அந்தச் சண்டை நாலு வருஷப் பழசு அக்கா. அவனுக்கு ரெண்டு வருஷம்தானே ஆகீக்கி. முன்னுக்குப் போன ஆள்தான் நிக்கணும். பின்னுக்கு வாற ஆள ஓடி வான்னு சொல்லேலாதே."

ரஜனி ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். நிஷாந்தினி தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். யதுஷா தகப்பனின் கோடு போட்ட சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள். கைகளை முழங்கை வரை மடித்திருந்தாள். ரஜனி மன்னிப்புக் கேட்கவில்லை, வீட்டுக்கு வா என்றும் சொல்லவில்லை.

"எனக்குத் தாங்கேலாமல் இருந்தது பிள்ளை. அதான் கெதியா நடந்துட்டன். இப்ப நான் எட்டு வருஷம் தள்ளி நிக்கிறன். திரும்பி வர வழி இல்லையாம். நீ வாற வரைக்கும் நான் அங்கயே நிக்கிறன்" என்றாள்.

யதுஷா தேத்தண்ணிக் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"எட்டு வருஷமும் நான் அழுதுகொண்டிருந்தா?"

"அழு. நான் பக்கத்தில இருப்பன். எனக்கு மறந்ததுகளை நீ சொல்லு."

அன்றைக்கு அவள் தாயோடு வரவில்லை. பஸ் நிலையம்வரை வந்து ஏற்றிவிட்டாள். அதற்குப் பதினேழாம் நாள், வேலை முடிந்து, பையோடு வெள்ளவத்தைக்கு வந்து, சேட்டுகளை அலுமாரியில் இருந்த இடத்திலேயே அடுக்கினாள். ரஜனி அலுமாரியின் மற்றக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஓகஸ்ட் கடைசியில் ரஜனி மறுபடி மருதானைக்குப் போய், முற்றத்தின் மற்றப் பக்கத்தில், தகரக் கூரையின் கீழ், சாதாரண நிலத்தில் வைப்பதற்கு இரண்டு கதிரை வேண்டும் என்றாள். பௌஸி உற்சாகமாகிவிட்டார். அவருடைய பட்டறைச் சுவரில் இப்போது ஒரு பெரிய பலகை தொங்கியது. எந்த மரம், எந்தக் கால், எத்தனை வருடம் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது, ஒவ்வொரு இலக்கமும் கண்ணால் பார்த்தது. கூரைக்குக் கீழே என்றால் தேக்கு ஐம்பது தாண்டும், பாலை அக்காவின் பேரப்பிள்ளைகளுக்கும் மிஞ்சும் என்றார். ரஜனி பலகையை மேலிருந்து கீழ்வரை வாசித்து, கடைசி வரிகளில் ஒன்றில் விரலை வைத்தாள். அவித்த மூங்கில்.

"அது எட்டுத்தான் அக்கா" என்றார் பௌஸி. "நல்லாப் பாத்தா ஒம்போது."

"எட்டு வருஷம் எங்களுக்குக் காணும் நானா. பாரமில்லாமலும் இருக்கும்."

பௌஸி பற்றுச்சீட்டை எடுத்து, பின்பக்கத்தில் எட்டு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். தம்பி ஜவாத்தான் மூங்கிலை வளைத்தான். அந்த வேலையில் அவன் கைதான் நல்லது என்று பௌஸியே சொன்னார்.

பாலை வாங்கு இன்னும் அங்கேதான் நிற்கிறது. ஒழுங்கைக்காரர்கள் செவ்வாய், வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு, முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பக்கக் கதவால் வருகிறார்கள். ஷெல்டன் பீப்பாயை மாற்றியிருக்கிறார். ரஜனி யாரையும் வா என்பதுமில்லை, வேண்டாம் என்பதுமில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறாள், கூடிய நேரம் கேட்பவர்களிடம் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று விசாரிக்கிறாள்.

மூங்கில் கதிரைகள் வந்த அன்று பின்னேரம் தாயும் மகளும் தேத்தண்ணியோடு அவற்றில் போய் இருந்தார்கள். பாணந்துறைக்குப் போகும் ரயில், வாசலில் ஆட்கள் தொங்கத் தொங்கப் போனது. அப்பா அந்த ரயிலில்தான் தன்னை முதன்முதல் கடலுக்குக் கூட்டிப் போனார் என்றும், தெஹிவளையில் இறங்கியதும் அலைக்குப் பயந்து தான் அழுதபோது, அவரும் பயந்தவர்போலத் தன் பின்னால் வந்து ஒளிந்துகொண்டார் என்றும் யதுஷா சொன்னாள். ரஜனிக்கு அப்படி ஒன்று நடந்தது தெரியாது. அவர் என்ன சேட் போட்டிருந்தார், எப்படி ஒளிந்தார், ஏதும் சத்தம் போட்டாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யதுஷா அவருடைய குரலில் சொல்லிக் காட்டினாள். பாதியில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ரஜனி கோப்பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவள் அழுது முடியும்வரை பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பிறகு மழை தூறத் தொடங்கவே, இருவரும் ஆளுக்கொரு கதிரையை ஒற்றைக் கையால் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, இடியப்பம் சாப்பிட உள்ளே போனார்கள்.